ஆவி இறங்கும் தொட்டி ஏன் இடிக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

ஆவியால் தண்ணீர் சூடாக்கும் இடங்களில் எழும் சத்தத்தையும் அதிர்வையும் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் தருகிறோம். அழுத்தத்தைப் பட்டறைகளில் சொல்வதுபோல ‘கிலோ’ என்றே குறித்திருக்கிறோம். பிரஷர் கேஜில் தெரியும் சதுர சென்டிமீட்டர் கணக்கு அது.

கேள்வி: எங்கள் சாயப்பட்டறையில் 2,000 லிட்டர் வெந்நீர்த் தொட்டி இருக்கிறது. ஒன்றரை இன்ச் பைப்பை மேலிருந்து இறக்கி, 3 கிலோ ஆவியை நேராகத் தண்ணீருக்குள் விடுகிறோம். அரை மணி நேரத்தில் 90 டிகிரி வந்தாக வேண்டும். வருகிறது, ஆனால் தொட்டியே குதிக்கிறது. அடிப்பக்க வெல்டிங் இரண்டு முறை விட்டுப்போனது. வால்வைக் குறைத்து வைத்தாலும் அடங்கவில்லை.
— பராமரிப்புப் பொறுப்பாளர், திருப்பூர்

வால்வைக் குறைத்ததால்தான் அடங்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். ஆவியின் வேகம் குறைந்தால், பைப்பின் வாயைத் தாண்டி அது வெளியே வர முடிவதில்லை. பைப்புக்குள்ளேயே குளிர்ந்து தண்ணீராகிவிடும். அந்த இடம் வெற்றிடமாகித் தொட்டித் தண்ணீரை உள்ளே இழுக்கும். பின்னால் வரும் ஆவி அதை வெளியே தள்ளும். திரும்ப இழுக்கும், திரும்பத் தள்ளும். ‘குபுக், டம்’ என்று நீங்கள் கேட்பது இந்த இழுபறிதான்.

முழுசாகத் திறந்தால் வேறு விதமான சத்தம். 40 மி.மீ. வாயிலிருந்து பெரிய பெரிய ஆவிக் குமிழிகள் வருகின்றன. ஒரு கிலோ ஆவி சாதாரண அழுத்தத்தில் ஏறத்தாழ 1,670 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதுவே தண்ணீரானால் ஒரு லிட்டர்தான். குமிழி சுருங்கும்போது சுற்றியுள்ள தண்ணீர் நாலா பக்கத்திலிருந்தும் பாய்ந்து நடுவில் மோதுகிறது. குமிழி பெரிதானால் மோதலும் பெரிது. ஆகவே செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒரே பெரிய வாய்க்குப் பதில் பல சின்ன வாய்கள்.

உங்கள் தொட்டிக்கே கணக்குப் போடுவோம். 2,000 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 90க்கு ஏற்ற 1,20,000 கிலோகலோரி வேண்டும். 3 கிலோ அழுத்தத்தில் ஒரு கிலோ ஆவி 90 டிகிரித் தண்ணீராக மாறும்போது ஏறக்குறைய 560 கிலோகலோரி கொடுக்கும். ஆகத் தேவை 214 கிலோ ஆவி. அரை மணியில் முடிக்க வேண்டுமென்றால் மணிக்கு 430 கிலோ. சுவர் வழியாகப் போகும் சூட்டையும் சேர்த்து 450 என்று வையுங்கள்.

இந்த 450 கிலோ, 3 கிலோ அழுத்தத்தில் ஒன்றரை இன்ச் பைப்பில் போனால் வேகம் நொடிக்கு 44 மீட்டர். அது மிக அதிகம், பைப்பே ஊளையிடும். 2 இன்ச் போட்டால் 27 மீட்டருக்கு இறங்கும். 25ஐ ஒட்டி இருப்பது நல்லது. அதனால் லைனை 2 இன்ச்சாக மாற்றுங்கள். தொட்டிக்கு அருகில் ஒரு பிரஷர் ரெடியூசிங் வால்வு வைத்து 1 கிலோவுக்குக் குறையுங்கள். அழுத்தம் குறைந்தால் ஆவி விரியும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வால்வுக்குப் பிறகு பைப் 3 இன்ச்சாக இருந்தால்தான் வேகம் நொடிக்கு 23 மீட்டரில் நிற்கும். வால்வு கொஞ்சம் சீறத்தான் செய்யும். அதற்குப் பின் ஒரு மீட்டராவது வளைவில்லாத பைப் விட்டு இன்சுலேஷன் சுற்றினால் காதை உறுத்தாது.

தொட்டிக்குள் இறங்கும் பைப்பின் அடியில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, இரு பக்கமும் 90 செ.மீ. நீளத்தில் 2 இன்ச் கைகள் வையுங்கள். நுனியை மூடிவிடுங்கள். துளை 3 மி.மீ., அதாவது ஒரு நூல் டிரில். 1 கிலோ அழுத்தத்தில் இப்படி ஒரு துளை வழியாக மணிக்கு ஏழு கிலோ ஆவி போகும். 450க்கு 64 துளைகள், கைக்கு 32. கையை நுனிப் பக்கமிருந்து கடிகார முகமாகப் பாவித்து, 4 மணி திசையில் 16, 8 மணி திசையில் 16, ஒவ்வொன்றுக்கும் 50 மி.மீ. இடைவெளி. நுனியில் மட்டும் நேர் கீழே, 6 மணி திசையில் ஒரு துளை வேண்டும். பைப்புக்குள் தேங்கும் தண்ணீர் வடிய அதுதான் வழி. கைகள் அடித்தட்டிலிருந்து 10–15 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், எந்தத் துளையும் 30 செ.மீ.க்குள் சுவரைப் பார்க்கக் கூடாது. உங்கள் வெல்டிங் விடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். குமிழி சுவருக்குப் பக்கத்தில் சுருங்கினால் அடி முழுவதும் தகட்டில் விழும்.

இறங்கும் பைப்பில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே அரை இன்ச் வேக்யூம் பிரேக்கர் (வெற்றிடம் உண்டானால் காற்றை உள்ளே விடும் வால்வு) ஒன்று கட்டாயம். ஆவியை அடைத்ததும் பைப்புக்குள் மிச்சமிருக்கும் ஆவி குளிர்ந்து தொட்டித் தண்ணீரை மேலே உறிஞ்சும். சாயத் தண்ணீர் ஆவி லைனுக்குள் போனால் அடுத்த தொட்டியின் நிறமும் கெடும். அடுத்த முறை ஆவியைத் திறக்கும்போது லைனுக்குள் நிற்கும் அந்தத் தண்ணீர் மீதுதான் மோதும். வேக்யூம் பிரேக்கரோடு ஒரு செக் வால்வும் (ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) போட்டுக்கொள்வது நல்லது.

இன்னும் சில விஷயங்கள். 214 கிலோ ஆவியும் தொட்டியிலேயே தண்ணீராகத் தங்கும். 2 மீட்டருக்கு 1 மீட்டர் தொட்டியில் மட்டம் 11 செ.மீ. ஏறும், அந்த இடத்தை விட்டே நிரப்புங்கள். சாயமோ உப்போ சேரும் தொட்டி என்றால் 316 எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப் போடுங்கள். இரும்பு பைப் துருவும். அந்தத் துரு பெராக்சைடு பிளீச்சிங்கில் துணியில் பட்டால் பட்ட இடத்தில் ஓட்டை விழும். துளைகள் தேய்ந்து பெரிதாவதையும் கவனிக்க வேண்டும். 3 மி.மீ. துளை 5 மி.மீ. ஆனால் அதன் வழி போகும் ஆவி ஏறத்தாழ மூன்று மடங்காகும், பழைய சத்தமும் திரும்பி வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்து 3.5 மி.மீ. டிரில்லை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் பைப்பை மாற்றும் நேரம்.

பாதி ஆவி போதும் என்ற நேரங்களுக்கு இரண்டு கைகளுக்கும் தனித்தனி இறக்கமும் வால்வும் வைத்துவிட்டால், ஒன்றை முழுசாகத் திறந்து மற்றதை அடைக்கலாம். இரண்டையும் அரைகுறையாகத் திறப்பதைவிட இது எவ்வளவோ மேல். 90 டிகிரியில் தானாக நிற்கும்படி தெர்மோஸ்டாட் வையுங்கள். 95ஐத் தாண்டினால் ஆவி கரையாமல் மேலே வந்து கூரைக்குத்தான் போகும்.

கேள்வி: நெல் ஊறல் தொட்டிகளுக்குப் பாய்லரிலிருந்து 60 மீட்டர் தூரம் 2 இன்ச் லைன் வருகிறது. காலையில் முதல் முறை திறக்கும்போது பைப் தூக்கிப் போடுகிறது, கேஸ்கட் பிய்கிறது. பத்து நிமிடம் போனால் சரியாகிவிடுகிறது. இதை அப்படியே விடலாமா?
— அரிசி ஆலை, காங்கேயம்

விடக்கூடாது. பாய்லர் வெடிப்பதைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆவி லைனில் தண்ணீர் அடிப்பதும் ஆளைக் கொல்லும். 2007 ஜூலை 18 அன்று நியூயார்க்கின் லெக்சிங்டன் அவென்யூவில், தெருவுக்கு அடியில் 1924இல் பதித்த ஆவிக் குழாய் வெடித்தது இப்படித்தான். ஒழுக்கை அடைக்கச் செலுத்திய பிசின் ட்ராப்புக்குள் (ஆவியைப் பிடித்து வைத்துத் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் கருவி) போய் அடைத்துக்கொண்டது, தண்ணீர் வெளியேற வழியில்லாமல் குழாயில் தேங்கியது.

உங்கள் லைனில் காலையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 60 மீட்டர் 2 இன்ச் பைப் ஏறத்தாழ 325 கிலோ எடை. அதை 30 டிகிரியிலிருந்து 150க்குச் சூடேற்றவே 9 கிலோ ஆவி செலவாகி 9 லிட்டர் தண்ணீராகும். 2 இன்ச் பைப் மீட்டருக்கு இரண்டு லிட்டர் சொச்சம்தான் கொள்ளும். அதாவது நான்கு மீட்டர் பைப்பை முழுசாக அடைக்கும் அளவு தண்ணீர், ஒவ்வொரு காலையும். பைப் எங்காவது தொய்ந்திருந்தால் அங்கே தேங்கும். மேலே ஓடும் ஆவி அலையை எழுப்பி, ஒரு கட்டியாகத் திரட்டித் தள்ளும். நொடிக்கு 25 மீட்டர் என்றால் மணிக்கு 90 கிலோமீட்டர். முதல் எல்போவிலோ வால்விலோ அது போய் மோதுகிறது.

இன்றே செய்ய முடிவது, திறக்கும் முறையை மாற்றுவது. லைனில் இருக்கும் எல்லா டிரெயின் காக்குகளையும் முதலில் திறந்துவிடுங்கள். அதன் பிறகு மெயின் வால்வை முடி அளவு. காக்குகளில் தண்ணீர் நின்று காய்ந்த ஆவி வரத் தொடங்கிய பிறகு ஒவ்வொன்றாக அடைத்து, மெயினைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று ஏற்றுங்கள். மொத்தம் பதினைந்து நிமிடம் ஆகும். மெயினில் இருப்பது கால் திருப்பில் திறக்கும் பால் வால்வு என்றால் அதைக் குளோப் வால்வாக மாற்றுங்கள், அல்லது பக்கத்தில் அரை இன்ச் பைபாஸ் வைத்து அதன் வழியாகச் சூடேற்றுங்கள். நடுவில் அடிக்கத் தொடங்கினால் மேலும் திறக்காதீர்கள். மெதுவாக அடைத்து, ஆறவிட்டு, வடித்து, முதலிலிருந்து ஆரம்பியுங்கள். அடிக்கும் லைனுக்குப் பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம்.

நிரந்தர வேலை லைனின் சாய்வில் இருக்கிறது. ஆவி போகும் திசையில் 100க்கு 1 இறக்கம் வேண்டும். 60 மீட்டருக்கு 60 செ.மீ. அவ்வளவு உயரம் கிடைக்காத இடத்தில் 30 மீட்டர் இறங்கி, ஒரு ட்ராப், செங்குத்தாக மேலே ஏறி, மறுபடி இறக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். ட்ராப்புக்கு எடுக்கும் வழி பைப்பின் அடியில் துளைத்த அரை இன்ச் நிப்பிளாக இருந்தால் பயனில்லை, வேகமாகப் போகும் தண்ணீர் அந்தச் சின்ன ஓட்டையைத் தாண்டிவிடும். 2 இன்ச் லைனுக்கு 2 இன்ச் டீ, அதன் கீழே குறைந்தது 10 செ.மீ. கிணறு, கிணற்றின் பக்கவாட்டிலிருந்து ட்ராப், அடியில் டிரெயின் காக். மெயின் லைனுக்குத் தெர்மோடைனமிக் ட்ராப் தாராளமாகப் போதும்.

ஃபிட்டர்கள் வழக்கமாகச் செய்யும் இரண்டு பிழைகள் உண்டு. ஸ்ட்ரெய்னரின் (அழுக்கு வடிகட்டி) பையைக் கீழே தொங்கவிடுகிறார்கள், அது ஒரு தண்ணீர்க் குட்டை ஆகிவிடும். ஆவி லைனில் அதைப் பக்கவாட்டில் படுக்கப் போட வேண்டும். பைப் அளவு குறையும் இடத்தில் சாதாரண ரெடியூசர் போட்டால் அடியில் ஒரு படி நிற்கும். அடிப்பக்கம் மட்டமாக இருக்கும் எக்சென்ட்ரிக் ரெடியூசர் வாங்குங்கள்.

லைனில் 3.5 கிலோவுக்கு மேல் ஓடுகிறதென்றால் அது ஐ.பி.ஆர். (இந்திய பாய்லர் ஒழுங்குமுறை) விதிக்குள் வரும். வெட்டி ஒட்டும் வேலையை அங்கீகாரம் பெற்ற வெல்டரை வைத்து, பாய்லர் இன்ஸ்பெக்டர் அலுவலகத்துக்குத் தெரிவித்தே செய்யுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறோம். நெல் கிடக்கும் தொட்டியில் நேராக ஆவி விட்டு ஊறல் நீரை 70 டிகிரியில் வைக்கப் பார்த்தால், துளைக்கு அருகில் இருக்கும் நெல் வெந்து வெடிக்கும். தண்ணீரைத் தனித் தொட்டியில் சூடாக்கி பம்ப் வைத்துச் சுற்றவிடுவது நெல்லுக்கும் நல்லது, இடியும் அந்த ஒரு தொட்டியோடு நிற்கும்.

கேள்வி: ஆவி விட்ட முதல் நிமிடத்தில் ‘சடசட’. பிறகு ‘டம் டம்’. கடைசியில் அடங்கிவிடுகிறது. ஒரே பைப், ஒரே ஆவி, ஏன் சத்தம் மாறுகிறது?
— பாலிடெக்னிக் மாணவர், நாகர்கோவில்

தண்ணீரின் சூடு குமிழியின் ஆயுளை நிர்ணயிக்கிறது. தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும்போது குமிழி வளர நேரமே இல்லை, பைப் வாயிலேயே சுருங்கிவிடும். சின்னக் குமிழிகள், வேகமான சடசடப்பு. தண்ணீர் சூடேறினால் குமிழி சுருங்கத் தாமதமாகும். அதற்குள் அது பெருத்துவிடுவதால் சுருங்கும்போது அடி கனமாக விழுகிறது. கொதிநிலையை நெருங்கும்போது சுருங்குவதே நின்று, குமிழிகள் அப்படியே மேலே வந்து உடையும்.

வீட்டில் தண்ணீர் காயவைக்கும் பாத்திரத்திலும் இதே கதைதான். கொதிக்கும் முன்பு அது இரைகிறது: அடியில் பிறக்கும் ஆவிக் குமிழிகள் மேலே உள்ள ஆறிய தண்ணீரில் பட்டு உடைகின்றன. தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதும் இரைச்சல் குறைந்துவிடும்.

ஆவிக்குள் எவ்வளவு வெப்பம் ஒளிந்திருக்கிறது என்பதை ஜேம்ஸ் வாட் 1760களில் இப்படித்தான் கண்டார். கெட்டிலிலிருந்து வரும் ஆவியைக் குளிர்ந்த தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தார். ஆவி தன் எடையைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்தது. அதற்கான விளக்கத்தை, உள்ளுறை வெப்பத்தை ஏற்கெனவே கண்டிருந்த ஜோசப் பிளாக்கிடமிருந்து பெற்றார். நம் ஊரில் தண்ணீர் 30 டிகிரியில் தொடங்குவதால் உங்கள் ஆய்வகத்தில் அது ஆறு வராது, ஏழரைக்குப் பக்கத்தில் வரும். ஒரு கிலோ ஆவி தண்ணீராகும்போது தரும் 539 கிலோகலோரியை, 30இலிருந்து 100 வரை ஏற வேண்டிய 70 டிகிரியால் வகுத்துப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் மருத்துவமனை சலவைக்கூடத்தில் ஆவி தண்ணீரில் கலப்பதில்லை. தொட்டிக்குள் காயில் (சுருள் குழாய்) இருக்கிறது, வெளியே ட்ராப். தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது சத்தமே இல்லை. 60 டிகிரியை நெருங்கியதும் காயில் சுத்தியலால் அடிப்பதுபோல் அடிக்கிறது. இரண்டு ட்ராப் மாற்றியாகிவிட்டது.
— சலவைக்கூடப் பொறுப்பாளர், கோயம்புத்தூர்

ட்ராப்பைத் தள்ளும் அழுத்தம் இல்லாமல் போவதுதான் உங்கள் சிக்கல். எத்தனை ட்ராப் மாற்றினாலும் தீராது.

தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது கன்ட்ரோல் வால்வு முழுசாகத் திறந்திருக்கிறது, காயிலுக்குள் 3 கிலோ நிற்கிறது, ட்ராப்பிலிருந்து கன்டன்சேட் (ஆவி குளிர்ந்து ஆன தண்ணீர்) பாய்ந்து வெளியேறுகிறது. 60ஐ நெருங்கியதும் வால்வு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். காயிலுக்குள் வரும் கொஞ்ச ஆவியும் உடனே குளிர்ந்து, உள்ளே அழுத்தம் வெளிக்காற்றுக்கும் கீழே போய்விடும். ட்ராப்புக்குப் பின்னால் கன்டன்சேட் பைப் மேலே ஏறி உத்தரத்தை ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். பெரும்பாலான இடங்களில் அப்படித்தான் போட்டிருப்பார்கள். 4 மீட்டர் ஏற 0.4 கிலோ அழுத்தம் வேண்டும். உள்ளே அது இல்லை. கன்டன்சேட் காயிலிலேயே தங்கி ஆறுகிறது. சலவை இயந்திரம் வெந்நீர் எடுத்ததும் வால்வு திறக்கிறது, புது ஆவி அந்த ஆறிய தண்ணீரின் மேல் வந்து விழுகிறது. முதல் கேள்வியில் தொட்டிக்குள் நடந்தது இங்கே ஒரு இன்ச் குழாய்க்குள் நடக்கிறது. இதே நிலை நீடித்தால் காயிலின் கீழ்ச் சுற்றுகள் அரித்து ஓட்டையாகும்.

உறுதிசெய்ய ஒரு சோதனை: காயிலின் அடியில், ட்ராப்புக்கு முன் ஒரு டிரெயின் காக் இருந்தால், சத்தம் வரும் நேரத்தில் கையுறை, முகக் கவசத்தோடு அதை மெதுவாகத் திறந்து ஒரு வாளிக்கு விடுங்கள். தண்ணீர் கொட்டிச் சத்தம் நின்றால் நோய் இதுதான்.

மருந்து, புவியீர்ப்பை வேலை செய்ய விடுவது. ட்ராப் காயிலின் வெளிவாயைவிடக் குறைந்தது 30 செ.மீ. கீழே இருக்கட்டும், 45 கிடைத்தால் இன்னும் நல்லது. ட்ராப்பிலிருந்து கன்டன்சேட் கீழ்நோக்கியே ஓடி, காற்றுக்குத் திறந்த ஒரு சின்னத் தொட்டியில் விழ வேண்டும். அங்கிருந்து பம்ப் மேலே ஏற்றட்டும். கன்ட்ரோல் வால்வுக்கும் காயிலுக்கும் நடுவே வேக்யூம் பிரேக்கர் வையுங்கள், உள்ளே வெற்றிடம் ஏற்படும்போது காற்றை விட்டுத் தேங்கிய தண்ணீரை இறங்கச் செய்யும். அந்தக் காற்று அடுத்த முறை வெளியேற வேண்டும் என்பதால் ட்ராப், காற்றுப் போக்கி சேர்ந்த பால் ஃப்ளோட் (மிதக்கும் பந்து) வகையாக இருக்கட்டும். பக்கெட் ட்ராப் காற்றை வெளியேற்றத் திணறும். தெர்மோஸ்டாட்டிக் ட்ராப், தண்ணீர் ஆறும்வரை பிடித்து வைத்திருக்கும். இரண்டும் இந்த வேலைக்கு ஒத்துவராது.

பாய்லர் ஃபீட் டாங்கில் திரும்பும் கன்டன்சேட்டும் இடிக்கிறது என்றால் காரணம் அதே குடும்பம். 3 கிலோ ட்ராப்பிலிருந்து 144 டிகிரியில் வெளிவருவதில் 8 சதவீதம் உடனே ஆவியாகிவிடும். அந்த ஆவி டாங்குத் தண்ணீருக்குள் சுருங்குகிறது. திறந்த வாய்க்குப் பதில் துளைப் பைப் வைத்தால் தணியும்.

கேள்வி: ஆவியோடு கொஞ்சம் கம்ப்ரசர் காற்றைக் கலந்துவிட்டால் சத்தம் போய்விடும் என்கிறார்கள். உண்மையா?
— துணிப் பதனிடும் ஆலை, ஈரோடு

உண்மை. காற்று குளிர்ந்தாலும் தண்ணீராகாது. ஆவிக் குமிழி சுருங்கும்போது உள்ளிருக்கும் காற்று மெத்தை போல நின்று, தண்ணீர் தண்ணீரோடு மோதாமல் தடுக்கும். ஆவி வால்வுக்குப் பிறகு, தண்ணீர் மட்டத்துக்கு மேலே, கால் இன்ச் லைனில் நீடில் வால்வும் செக் வால்வும் வைத்துச் சேர்க்கலாம். காற்றின் அழுத்தம் அந்த இடத்து ஆவியைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும். சத்தம் தணியும் புள்ளியோடு நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் தண்ணீர் தெறிக்கும், சோப்புத் தொட்டியானால் நுரை பொங்கும்.

எந்தத் தொட்டி என்பதைப் பொறுத்தே இதைச் செய்ய வேண்டும். தண்ணீரில் கரையாத வாட் (vat) சாயத்தையும் இண்டிகோவையும் ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் சேர்த்துத்தான் கரைக்கிறீர்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த ஹைட்ரோஸைத் தின்றுவிடும், சாயம் பாதியில் கரையாத நிலைக்கே திரும்பிவிடும். பாய்லர் ஃபீட் டாங்கில் காற்றுச் சேர்த்தால் பாய்லர் டியூப் துரு பிடிக்கும். காயிலுக்குள் போகும் ஆவியில் காற்றே கூடாது, குழாய்ச் சுவரில் படலமாக ஒட்டிக்கொண்டு சூடு கடத்துவதைத் தடுக்கும். எனவே வெறும் வெந்நீர்த் தொட்டிக்கு மட்டும், அதுவும் துளைப் பைப் போட்ட பிறகும் மிச்சமிருக்கும் சத்தத்துக்கு.

காற்றை நாடுவதற்கு முன் ஸ்டீம் இன்ஜெக்டர் ஒன்றை விசாரித்துப் பாருங்கள். ஆவி ஒரு நாசில் வழியாகச் சீறும்போது பக்கத் துளைகளின் வழியே தொட்டித் தண்ணீரை இழுத்து, உலோகக் கூட்டுக்குள்ளேயே கலந்துவிடும். வெளியே வருவது வெந்நீர்த் தாரைதான். தொட்டித் தண்ணீரும் சுழன்று மேலும் கீழும் ஒரே சூடாகும். தாரையின் எதிரே சுவர் கிட்டத்தில் இருக்கக் கூடாது. தொட்டியின் நீளவாக்கில் படுக்கையாகப் பொருத்துங்கள். பல சிறியவை ஒரு பெரியதைவிட அமைதி.

கேள்வி: காபி மெஷினில் பால் காய்ச்சும்போது சில நாள் ‘கீச்’ என்று காது கிழிகிறது. மெஷின் கோளாறா?
— தேநீரகம், கும்பகோணம்

பெரும்பாலும் இல்லை. ஆவிக் குழலின் நுனியை முதலிலேயே ஆழமாக முக்கினால், காற்றுச் சேராத ஆவி குளிர்ந்த பாலில் சுருங்கிக் கீச்சிடும். தொடக்கத்தில் நுனி பாலின் மேல்மட்டத்துக்குச் சற்றே கீழே இருக்கட்டும். ‘ஸ்ஸ்’ என்று காற்றை உள்ளே இழுக்கும், சில நொடியில் ஒலி மென்மையாகிவிடும். அதன் பின் ஆழமாக இறக்கி 65 டிகிரியில் நிறுத்துங்கள். முன்னும் பின்னும் ஒரு நொடி வெறும் ஆவியைத் திறந்துவிட்டு ஈரத் துணியால் துடையுங்கள். காய்ந்த பால் ஒரு துளையை அடைத்தாலும் மற்றவை கத்தும்.

கேள்வி: மாணவர் விடுதிச் சமையலறையில் ஆவியால் வெந்நீர் போடுகிறோம். துளைப் பைப் போட்டுவிட்டோம், தொட்டிச் சத்தம் குறைந்துவிட்டது. ஆனால் விடியற்காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள அறையில் ஒரு முனகல் கேட்கிறது.
— விடுதி நிர்வாகம், திருச்சி

தொட்டியில் எழும் அதிர்வு பைப் வழியாக நடந்து, கிளாம்ப் வழியாகச் சுவருக்குள் ஏறுகிறது. சுவர் அதைப் பெரிதாக்கி அடுத்த அறைக்குக் கொடுக்கிறது. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் சட்டம் சொல்லும் எல்லை, பகலில் 55. தூங்கும் பிள்ளைகளுக்கு அந்த 45கூட அதிகம்தான்.

தொட்டிக்குள் இருக்கும் துளைப் பைப்பை முதலில் பாருங்கள். ஒரு முனையில் மட்டும் தொங்கினால் அது ஆடும். இரு கைகளையும் தொட்டி அடியோடு கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள், ஆனால் நீளவாக்கில் நகர இடம் விடுங்கள். பைப் தொட்டிச் சுவரை உரசும் இடம் இருந்தால் அங்கே இடைவெளி உண்டாக்குங்கள்.

தொட்டிக்கும் லைனுக்கும் நடுவே 30–40 செ.மீ. நீளத்தில், மேலே கம்பிப் பின்னல் போட்ட எஸ்.எஸ். நெளிகுழாய் ஒன்று வையுங்கள். சாதாரண ரப்பர் ஹோஸை அந்த இடத்தில் மாட்டவே கூடாது, ஆவிச் சூட்டில் இளகி வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் வெந்துபோவார். தொட்டியின் கால்களுக்கு அடியில் சூடு தாங்கும் ரப்பர் மெத்தை வைக்கலாம், அங்கே ஆவி இல்லை.

சுவரில் இருக்கும் கிளாம்ப்புகளைக் கழற்றி, தரையில் ஊன்றிய ஆங்கிள் தாங்கிகளுக்கு மாற்றுவதுதான் பெரிய வித்தியாசம் தரும். 2 இன்ச் பைப்புக்கு இரண்டரை மீட்டருக்கு ஒரு தாங்கி. எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டிவிடாதீர்கள். 10 மீட்டர் பைப் 30இலிருந்து 144 டிகிரிக்குப் போகும்போது 14 மி.மீ. நீளும். ஒரு தாங்கி மட்டும் இறுக்கம், மற்றவற்றில் பைப் வழுக்கிப் போக வேண்டும். சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் சிமென்ட் பூசி அடைத்திருந்தால் அதை உடைத்து, ஒரு சைஸ் பெரிய பைப் துண்டைச் செருகி, நடுவில் ராக்வுல் (சூடு தாங்கும் கல் பஞ்சு) திணியுங்கள். அந்த முனகல் பெரும்பாலும் இந்த ஓட்டை வழியாகத்தான் போகிறது. வேலை முடிந்த பின், லைன் சூடாக இருக்கும்போது ஒரு முறை, முழுக்க ஆறிய பிறகு ஒரு முறை தாங்கிகளைப் பாருங்கள். இரண்டு நிலையிலும் பைப் எதையும் முட்டாமல் இருந்தால் போல்ட்டுகளுக்குச் செக் நட் போட்டு இறுக்கிவிடலாம்.